பீச்சாங்கைக்கு வந்த வேலை

மெல்பர்ன்,
பிப்ரவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள், மதினி, பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலம்தானே? சனிக்கிழமை காலையில் எப்போது கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை, எங்கேதான் போகிறாய் என்று கேட்டீர்கள். போனில் சொன்னால் அரைகுறையாகிவிடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டென்னிஸ் ஆடப் போகிறேன். சிரிக்காதீர்கள். நம் ஊரில் டென்னிஸ் என்றால் ஆபீசர்ஸ் கிளப் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் சத்தம், அவ்வளவுதான். இங்கே பேட்டைக்குப் பேட்டை ஒரு கிளப் இருக்கிறது. நாலைந்து ஆடுகளம், ஒரு கொட்டகை, டீ போட வெந்நீர்ப் பாத்திரம். எங்கள் கிளப்பில் செங்கல்லைப் பொடித்துப் போட்ட செம்மண் மாதிரித் தரை. ஆடி முடித்ததும் அவரவர்தான் இழுவை வலையை இழுத்துத் தரையைச் சமன் செய்ய வேண்டும், கோட்டையும் துடைப்பத்தால் கூட்ட வேண்டும். டாக்டரானாலும் பிளம்பரானாலும் இதில் விலக்கு கிடையாது.

எனக்கு ஜோடியாக அமைந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. பேர் சொல்லிக் கூப்பிடு என்கிறார், எனக்கு வாய் வரவில்லை. ஆன்ட்டி என்றால் முறைக்கிறார். ஆறு மாதமாக ஒன்றும் சொல்லாமலே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் அவர் சர்வீஸ் போட, நான் வலைக்குப் பக்கத்தில் ஓரக் கோட்டை ஒட்டி நின்றேன். டபுள்ஸில் களம் 36 அடி அகலம். சிங்கிள்ஸ் களத்தைவிட இரண்டு பக்கமும் நாலரை அடி கூடுதல். அந்த நாலரை அடிக்குள் எவனாவது அடித்துவிடுவானோ என்று வயலில் கிளி விரட்டுகிறவன் மாதிரி காவல் காத்தேன். பந்தெல்லாம் நடுவில் போனது. "அங்கே யாரைத் தேடுகிறாய்?" என்று கேட்டார் அந்த அம்மா. அப்புறம் வலையைக் காட்டினார். நடுவில் அதன் உயரம் 3 அடி, கம்பத்துப் பக்கம் 3 அடி 6 அங்குலம். அரையடி தாழ்ந்திருக்கிற இடத்தை விட்டுவிட்டு ஓரத்தில் அடிக்க நல்ல கை வேண்டும். பத்துக்கு ஒன்று அப்படிப் போனால் போகட்டும், நீ நடுவுக்கு வா என்றார். நடுவில் அடிப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. உன்னுது, என்னுது என்று எதிராளி இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், பந்து அவர்களுக்கு இடையில் போய்விடும். (அவர்கள் புருஷன் பெண்சாதியாக இருந்தால் அன்றைக்கு நமக்கு ஜெயம்தான்.)

நம் கம்பளி நூல் பூப்பந்தில் ஏறக்குறைய இதே அகலத்துக்கு ஐந்து பேர் நிற்போம். உங்களுக்குப் பின்வரிசை, எனக்கு முன்வரிசை. நம்மிடம் வராத பந்தை வேடிக்கை பார்க்கலாம். இங்கே இரண்டே பேர், வேடிக்கை பார்த்தால் தொலைந்தோம். பந்து வலது பக்கம் போனால் இரண்டு பேரும் வலது பக்கம் நகர வேண்டும், ஒரே நுகத்தில் பூட்டின மாதிரி. தலைக்கு மேல் தூக்கி அடித்தால் பின்னால் நிற்பவர் குறுக்கே ஓடி எடுப்பார், முன்னால் நிற்பவர் அவர் விட்ட பக்கத்துக்கு மாற வேண்டும். இந்தக் கிழங்கள் தூக்கி அடிப்பதில் எமகாதகர்கள். ஓட முடியாதவர்கள்தான் நம்மை ஓட வைக்கிறார்கள்.

சர்வீஸ் விஷயத்துக்கு வருகிறேன். கீழிருந்து தட்டிவிடுகிற நம் சர்வீஸ் இல்லை இது, தலைக்கு மேல் எறிந்து அடிப்பதுதான் வழக்கம். இரண்டு வாய்ப்பு, இரண்டும் தவறினால் பாயிண்ட் போய்விடும். நான் முதல் பந்தை ஆத்திரத்தோடு அடிப்பேன், அது வலைக்குப் போகும். இரண்டாவது பயத்தோடு போடுவேன், எதிராளி முன்னேறி வந்து சாத்துவான். அந்த அடியை வாங்குவது நான் இல்லை, வலையருகே நிற்கிற அந்த அம்மா! வேகம் முக்கால் போதும், முதல் பந்து உள்ளே விழட்டும் என்றார். எங்கே போடப்போகிறாய் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடு என்றும் சொன்னார். நடுக்கோட்டை ஒட்டிப் போட்டால் எதிராளியால் சாய்த்துத் திருப்ப முடியாது, வலையருகே நிற்பவர் குறுக்கே பாய்ந்து வெட்டிவிடலாம். அகலமாக வெளியே போட்டால் ஓரம் திறந்துகொள்ளும், அப்போது மட்டும் அந்த நாலரை அடிக்குக் காவல் நிற்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் சில சனிக்கிழமைகளில் எனக்குப் பந்தே தெரியாது. மேலே எறிந்தால் வெயில் நேராகக் கண்ணில் குத்தும், இரண்டு வாய்ப்பும் தவறி, தொடர்ந்து டபுள் ஃபால்ட். கண்ணாடி போட வேண்டிய வயதாகிவிட்டதோ என்று பயந்துவிட்டேன். அந்த அம்மாதான் கண்டுபிடித்தார், நான் இடதுகைக்காரன், தப்பான பக்கத்திலிருந்து சர்வீஸ் போடுகிறேன் என்று.

இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது, அண்ணே. களம் தெற்கு வடக்காக இருக்கிறது. தெற்கே நின்று வடக்குப் பார்த்துப் போடும்போது, சோத்துக்கைக்காரருக்கு நெஞ்சு கிழக்கே திரும்பும், காலை வெயில் மூஞ்சியில் அடிக்கும். எனக்கு நெஞ்சு மேற்கே திரும்பும், வெயில் முதுகுக்குப் போய்விடும். வடக்கே நின்று போட்டால் அப்படியே தலைகீழ். அதனால் காலையில் நான் தெற்கே, அவர் வடக்கே.

ஆடிக்கொண்டிருக்கும்போது பக்கம் மாறுமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். களத்தில் நாலு பேர், அதனால் நாலு கேமுக்கு ஒரு தடவைதான் ஒருவருக்குச் சர்வீஸ் வரும். அதற்குள் இரண்டு தடவை பக்கம் மாறி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்போம். ஆக, செட் (பல கேம் சேர்ந்த ஒரு சுற்று) தொடங்கும்போது முதலில் யார் போடுவது என்று யோசித்து முடிவு செய்துவிட்டால், அந்த செட்டில் இரண்டு பேருக்கும் கண்ணில் வெயில் படாது. துண்டுத்தாளில் கட்டம் போட்டுச் சரிபார்த்தேன், பிசகாமல் வருகிறது. இரண்டு பேரும் சோத்துக்கைக்காரர்களாக இருந்தால் இந்த வசதி கிடையாது, ஒருவர் கண்ணைச் சுருக்கித்தான் ஆக வேண்டும்.

பீச்சாங்கையால் எழுதினால் அம்மா கரண்டியால் போடுவாளே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கை போடுகிற பந்து காற்றில் வலது பக்கமாக வளைகிறது. இடப்பக்கம் நின்று போட்டால் எதிராளியின் புறங்கைப் பக்கம், களத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும். நாற்பது வருஷமாக ஆடுகிறவர்களே தடுமாறுகிறார்கள். இங்கே ஆஸ்திரேலிய ஓப்பன் நடக்கிற பெரிய அரங்கத்துக்குப் பேரே ஒரு இடதுகைக்காரர் பேர்தான். ராட் லேவர், 1962லும் 1969லும் நாலு பெரிய பட்டங்களையும் ஒரே வருஷத்தில் வென்றவர். 2024 ஜனவரியில் நம் ரோகன் போபண்ணா 43 வயதில், மேத்யூ எப்டன் என்ற ஆஸ்திரேலியரோடு சேர்ந்து டபுள்ஸ் பட்டம் வாங்கியதும் அங்கேதான்.

இன்னொன்று, இங்கே நடுவர் கிடையாது. நம் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று நாமே சொல்ல வேண்டும், சந்தேகம் என்றால் உள்ளே என்றுதான் சொல்ல வேண்டும். நம் பள்ளிக்கூட மைதானத்தில் நீங்கள் கோட்டுக்காகச் செருப்பைக் கழற்றினது நினைவுக்கு வந்தது. அந்தக் கதையை அந்த அம்மாவிடம் சொன்னேன். செருப்பை விட்டுவிட்டு, கம்பளி நூல் பந்தில் விளையாடுவீர்களா என்றுதான் ஆச்சரியப்பட்டார், நம்பவில்லை.

அத்தான் ஏப்ரலில் இந்தப் பக்கம் வருவதாகச் சொன்னார். அவரிடம் இரண்டு மஞ்சள் பூப்பந்து கொடுத்துவிடுங்கள். புதுசு வேண்டாம், நீங்கள் அடித்துப் பழசானதே போதும்.

உங்கள் தம்பி