உன் மகளுக்கு ஒரு தோசைக்கல்

தக்கலை,
நவம்பர் 12.

அன்புள்ள சந்திரா,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. இங்கே ஐப்பசி மழை விட்டபாடில்லை. அயனிமரத்தின் கொப்பு ஒன்று ஒடிந்து சாய்ப்பின் மேல் விழுந்ததில் நாலு ஓடு போயிற்று. துணியெல்லாம் அடுக்களைக்குள் கொடி கட்டித்தான் காய்கிறது. மற்றபடி சுகம். முழங்கால் வலிக்குத் தைலம் தடவுகிறேன், படி ஏறும்போது மட்டும் தெரிகிறது. பெரியவனுக்குத் திருவனந்தபுரத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது. வாரம் தவறாமல் வந்து போகிறான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கவிதா வீட்டில் நான்ஸ்டிக் சட்டி உரிந்து போய்விட்டது, இரும்பில் வாங்கலாம் என்றால் மூன்று சாமான் சேர்த்து ஐயாயிரம் சொல்கிறார்கள், அவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம். ஒரு தோசைக்கல் போதும், அதுவும் ஆயிரத்துக்குள். மிச்சத்தை ஏன் இப்போது வாங்க வேண்டாம் என்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்க அம்மையின் தோசைக்கல் உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுக்களை வாசல்படியில் நீயும் நானும் தட்டோடு உட்காருவோமே. விறகடுப்பில் அந்தக் கல் கறுத்து மின்னிக்கொண்டு கிடக்கும். கத்தரிக்காய்க் காம்பை நல்லெண்ணெயில் முக்கி ஒரு தடவு தடவுவாள். மாவு ஊற்றினால் சட்டுவம் படுவதற்கு முன்னாலேயே ஓரம் எழும்பி நிற்கும். அம்மை போன பிறகு அந்த வீடு இரண்டு மழைக்காலம் பூட்டிக் கிடந்தது. நமக்குத்தான் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. திறந்து பார்த்தபோது கல் செங்கல் நிறத்தில் பொருக்குத் தட்டிக் கிடந்தது. துருவை எரித்துவிடலாம் என்று நினைத்து, அடுப்பைப் பெரிதாக வைத்து நன்றாகக் காய்ச்சி, ஒரு செம்பு தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். ‘டப்’ என்று ஒரே சத்தம். நடுவில் முடிபோல ஒரு கோடு ஓடிவிட்டது. நாற்பது வருஷக் கல். அன்றைக்கு நான் ராத்திரி சாப்பிடவில்லை.

அப்புறம்தான் இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். அம்மையின் கல் வார்ப்பிரும்பு, அதாவது இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்தது. அதில் கரிச்சத்து நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கும். அதனால் கடினம் உண்டு, நெகிழ்வு கிடையாது. தகட்டு இரும்புக் கல்லைக் கீழே போட்டால் கோணும், வார்ப்பிரும்பு உடையும். சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் பட்டால் மேல்பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கும், அடிப்பக்கம் சுருங்காது. அந்த இழுபறியில்தான் விரிசல் விழுகிறது. கவிதாவிடம் இந்த ஒன்றை முதலில் சொல்லிவிடு. அவளுக்கு இன்டக்‌ஷன் அடுப்பு என்றாயே, அதில் இரும்பு நன்றாகவே சூடேறும். ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும், எடுத்த எடுப்பில் பெரிய சூடு வைக்கக் கூடாது. சின்னதில் ஐந்து நிமிஷம் விட்டு அப்புறம் ஏற்றச் சொல்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது அதிகம் இல்லை. கையில் எடுத்ததுமே கனம் தெரிய வேண்டும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதில் பயன் இல்லை, தகட்டிலும்தான் ஒட்டும். காதைப் பிடித்துத் தூக்கி விரல் முட்டியால் ஒரு தட்டு தட்ட வேண்டும். மணிபோல் நாதம் நின்றால் நல்லது, மொட்டென்று கேட்டால் எங்கேயோ கீறல் இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைத் துணியால் உள்பக்கம் அழுத்தித் துடைத்தும் பார்க்க வேண்டும். நாலு வருஷம் முன்னால் ஒரு கடையில் ‘எண்ணெய் காய்ச்சிப் பழக்கிய சட்டி, அப்படியே சமைக்கலாம்’ என்று சொல்லி எனக்கு ஒரு சீனச்சட்டியைத் தந்தார்கள். வீட்டில் வெந்நீர் ஊற்றியதும் கறுப்பு வழிந்தது. பெயின்ட். அதை உரித்து எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. பழக்காத, சாம்பல் நிறமாக இருக்கிற பச்சைச் சட்டிதான் விலையும் குறைவு, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியும்.

இதைவிட மலிவான வழி ஆக்கர் கடை. மார்த்தாண்டம் போகிற வழியில் பழைய இரும்பு எடுக்கிற ஒருவரிடம் போன மாசம் ஒரு கல் பார்த்தேன். உடைந்த பம்புசெட்டுக்கும் சைக்கிள் சட்டத்துக்கும் நடுவே கவிழ்ந்து கிடந்தது. தட்டிப் பார்த்தேன், நாதம் நன்றாக இருந்தது. நூற்றெண்பது ரூபாய்க்குத் தந்தார். ஆனால் பழைய சாமானில் ஒரு பயம் உண்டு சந்திரா. மீன்வலைக்கு மணி கட்டவும் வேறு வேலைக்கும் ஈயம் உருக்க இந்த மாதிரிக் குழிந்த இரும்புச் சட்டியைத்தான் எடுப்பார்கள். ஈயம் பட்ட சட்டியை என்ன தேய்த்தாலும் சமையலுக்கு நம்ப முடியாது, வார்ப்பின் நுண்துளையில் அது தங்கிவிடும். ஆகையால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத குழிச்சட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் தொடுவதில்லை. இது தட்டையான தோசைக்கல், ஒரு வீடு காலி பண்ணும்போது அம்மி, இட்லிக் கொப்பரையோடு சேர்ந்து வந்தது என்றார். அதனால்தான் எடுத்தேன்.

அதைப் பழக்கிய கதையைச் சொல்கிறேன். செங்கல் பொடியும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்தேன், தண்ணீர் காவியாக ஓடியது. போகாத பொருக்கின்மேல் புளிக்கரைசலை அரைமணி நேரம் நிற்க வைத்தேன். அதற்கு மேல் விட்டால் புளி துருவை முடித்துவிட்டு இரும்பையே தின்னத் தொடங்கும். பிறகு இரண்டு நாள் வடிகஞ்சியில் ஊற வைத்தேன், காலையும் மாலையும் கஞ்சியை மாற்றிக்கொண்டே. மூன்றாம் நாள் கழுவினபோது கல் வெறும் சாம்பல் நிறம். துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், மழைக்காற்றில் ஓரத்தில் மஞ்சளாகப் பூத்துவிட்டது! உடனே அடுப்பில் ஏற்றி ஈரத்தைப் போக்கினேன். முன்னால் யார் வைத்திருந்தார்களோ, நடுவில் நன்றாகத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. புதுக் கல் மணல் அச்சில் வார்த்தபடியே சொரசொரவென்று இருக்கும். லேத் பட்டறையில் கொடுத்தால் மட்டமாக்கித் தருவார்கள், இல்லாவிட்டால் உப்புத்தாளால் நாமே கொஞ்சம் தேய்க்கலாம்.

அப்புறம் எண்ணெய். நான் பல வருஷம் தவறு பண்ணினது இதில்தான். நம்ம வீட்டில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தானே, கல்லுக்கும் அதையே தடவிக்கொண்டிருந்தேன். பளபளக்கும், மறுநாள் தோசை ஒட்டும். ஏன் என்று ரொம்ப நாள் விளங்கவில்லை. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது சூட்டில் உருகும், ஆறினால் உறையும், ஆனால் கெட்டியான படலமாகக் காயாது. நல்லெண்ணெயில் கணக்கு நேர்மாறு. அதிலுள்ள நிறைவுறாத கொழுப்பு சூட்டிலும் காற்றிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். ஆளிவிதை எண்ணெயைத் தச்சர்கள் மரத்தில் பூசுவது இதற்காகத்தான். அம்மைக்கு இந்த விவரம் ஒன்றும் தெரியாது. ஆனால் வீடு முழுக்கத் தேங்காய் எண்ணெய் மணக்கும்போது கல்லுக்கு மட்டும் அவள் தனியாக ஒரு நல்லெண்ணெய்க் கிண்ணம் வைத்திருந்தாள். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு சின்ன கரண்டி எண்ணெய், கல் முழுக்க, அடியும் காதும் சேர்த்து. தடவின பிறகு, தடவினதே தப்பு என்பதுபோல வேறு துணியால் முழுக்கத் துடைத்து எடுக்க வேண்டும். எண்ணெய் கூடிவிட்டால் பிசின் மாதிரி ஒட்டும். நடுத்தரச் சூட்டில் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, புகை வந்து அடங்கும்வரை விட்டேன். ஆறினதும் மறுபடி. நாலு தடவை ஆனபோது சாம்பல் நிறம் தேன் நிறமாகி, காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தது. மறுநாள் முதல் தோசை நடுவில் பிய்ந்தது, இரண்டாவது ஓரத்தில் பிடித்தது. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு நன்றாக உரசிவிட்டு மூன்றாவதை ஊற்றினேன். ஓரம் பொன்னாகி, தானாக ஒரு விரல்கடை எழும்பியது. நான் சட்டுவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தினப்படிப் பராமரிப்பு ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆறினதும் துடைக்க வேண்டும். பிடித்திருந்தால் வெந்நீரும் தேங்காய் நாரும். ஒரு துளி சோப்பு பட்டாலும் போகாது, இறுகின படலம் அதற்குக் கரையாது. ஊற மட்டும் போடக் கூடாது. கழுவினால் துணியில் துடைத்ததோடு விடாமல் அடுப்பில் ஒரு நிமிஷம் காட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். நம்ம அம்மைமார் வெண்கல உருளியைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தார்கள், தோசைக்கல் பக்கம் அவை இரண்டும் போனதே கிடையாது. சாம்பல் காரம், புளி புளிப்பு, இரண்டுமே அந்தப் படலத்தை அரித்துவிடும். வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடம் இதைக் கவிதா முன்னாலேயே சொல்லி வைக்கட்டும். சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்ளட்டும், அதற்குத் தகடு போதும். எண்ணெயில்லாத வறட்டுச் சூடு தோசைக்கல்லைக் கெடுத்துவிடும்.

சீனச்சட்டி பின்னால் வாங்கினால், முதல் மாசம் பப்படம், வற்றல், ஏத்தங்காய் என்று பொரிக்க மட்டும் எடுக்கச் சொல். பொரிக்கப் பொரிக்கச் சட்டி பழகும். தீயலுக்குத் தேங்காய் வறுக்க அதைவிட நல்ல பாத்திரம் நான் பார்த்ததில்லை. ஒரு மூலையில் கருகி ஒரு மூலையில் வெளுத்துப் போகாமல் ஒரே சீராகச் சிவக்கும். ஆனால் நமக்கு வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே அடுப்பை அணைத்துத் தட்டில் கொட்டிவிட வேண்டும், இரும்பு சூட்டை விடாது. அரைத்து, புளி ஊற்றிக் கொதிக்க வைப்பது மண்சட்டியில். புதுச் சட்டியில் புளி கொதித்தால் குழம்பு கறுத்து இரும்பு வாடை அடிக்கும். வாழைப்பூவும் வாழைக்காயும்கூட அதில் கறுக்கும், துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான்.

கவிதாவுக்கு இரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். இரும்புச் சட்டியில் சமைத்தால் சாப்பாட்டில் கொஞ்சம் இரும்புச்சத்து ஏறுவது உண்மைதான். அதற்காக அவள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இவ்வளவு எழுதின பிறகு நீ கடைக்குப் போக வேண்டாம். அந்த நூற்றெண்பது ரூபாய்க் கல் கவிதாவுக்குத்தான். மூன்று வாரமாகத் தினமும் அதில் சுட்டுப் பழக்கி வைத்திருக்கிறேன். அடி தட்டைதான், இன்டக்‌ஷனுக்கு ஆகும். வருகிற வெள்ளிக்கிழமை என் நாத்தனார் மகன் கோயம்புத்தூர் ரயிலில் வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருப்பேன். அண்ணனை ஸ்டேஷனுக்கு வரச் சொல், கனம் நாலு கிலோவுக்குக் குறையாது. கூடவே வீட்டு மரத்துப் பலாச்சக்கை வற்றல் கொஞ்சம்.

வந்ததும் கழுவாமல் அப்படியே சூடாக்கி, வெங்காயம் தேய்த்து, ஒரு தோசை ஊற்றிப் பார்க்கச் சொல். ஒட்டினால் எப்படி ஒட்டியது, நடுவிலா ஓரத்திலா என்று எழுதச் சொல். பெரியம்மை பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் தங்கம்