‘ஏன் வாங்கினீர்கள்?’ என்று கேட்டால் பதில் வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

வாடிக்கையாளர் மனதை அறிவது பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையோடு, மாதிரிக் கருத்துப் படிவம் ஒன்றும் அச்சாகியிருந்தது. ‘இந்தப் பொருளை ஏன் வாங்கினீர்கள்?’ என்பது அதன் முதல் கேள்வி. இதற்குத் தரம், விலை, நம்பிக்கை என்ற மூன்றைத் தாண்டிப் பதில் வருவது அபூர்வம். யாரும் பொய் சொல்வதில்லை. காரணம் கேட்டவுடன், சொல்லிக்கொள்ளத் தகுந்த ஒன்றை மனம் அங்கேயே தயார் செய்துவிடுகிறது. ‘புதிதாக வந்தால் வாங்குவீர்களா?’ என்பது இன்னும் மோசம். ‘வாங்குவேன்’ என்று சொல்லக் காசா பணமா!

1985-இல் கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றுவதற்கு முன் ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லிச் சோதித்தது. புதியதே மேல் என்றவர்கள்தான் அதிகம். ஆனால் 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தச் சோதனை நாக்கை அளந்தது. பழைய பானத்தின் மேல் மக்களுக்கு இருந்த பற்றுதலை அது அளக்கவில்லை.

கருத்தைக் கேட்பதைவிட நடந்ததைக் கேட்பது பயன் தரும். கடந்த 3 மாதத்துக்குள் காசு கொடுத்து வாங்கியவர்கள் 10 முதல் 15 பேர் போதும். அதற்கு முந்திய கொள்முதல் என்றால் நினைவு மங்கி, கற்பனை கலந்துவிடும். ஒருவருக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள்; ஒருவர் கேட்க, இன்னொருவர் குறிப்பெடுக்கட்டும். வாங்கிய நாளிலிருந்து பின்னோக்கிப் போங்கள். அன்று என்ன கிழமை, கூட யார் இருந்தார்கள், அதற்கு முன் எதை வைத்துச் சமாளித்தீர்கள், வேறு எதையெல்லாம் பார்த்தீர்கள், முதன்முதலில் இந்த எண்ணம் எப்போது வந்தது? ‘வசதியாக இருந்தது’ என்று சொன்னால் அங்கேயே நின்று, எது, எந்த வேலையில் என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஒரு வாஷிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். பழையது மாதக்கணக்காக இரைச்சல் போட்டிருக்கும்; வீட்டில் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். விருந்தாளிகள் வரவிருந்த வாரம் அது நின்றுபோயிருக்கும். வாங்க வைத்தது அந்த வாரம். அதற்கு முன் அத்தனை மாதம் தள்ளிப்போட வைத்தது எது என்று துருவினால், புதியது வாசலில் நுழையுமா, பழையதை யார் அப்புறப்படுத்துவது போன்ற சில்லறைக் கவலைகள் வெளிவரும். அப்படியானால் இன்னொரு தள்ளுபடியைவிட, பழையதைக் கழற்றி எடுத்துப் போகிறோம் என்ற ஒரு வரி விற்பனைக்கு அதிகம் உதவக்கூடும். பழையதன் தொந்தரவும் புதியதன் கவர்ச்சியும் வாடிக்கையாளரை முன்னே தள்ளுகின்றன; பழக்கமும் பயமும் பின்னே இழுக்கின்றன. விளம்பரம் பெரும்பாலும் கவர்ச்சியைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

பயன்படுத்துபவர், பணம் கொடுப்பவர், முடிவெடுப்பவர் மூவரும் ஒருவராகவே இருப்பார் என்று எண்ண வேண்டாம். குழந்தைகளுக்கான பொருளிலும் அலுவலக மென்பொருளிலும் இது அடிக்கடி பிசகும். பதில்களைச் சராசரி எடுப்பதும் வீண். இரு வேறு காரணத்துக்காக வாங்கிய இரு கூட்டத்தைக் கலந்தால், எவருக்கும் பொருந்தாத ஒரு நடுத்தர வாடிக்கையாளர்தான் மிஞ்சுவார்.

10 பேரிடம் பேசிக் கிடைப்பது ஊகம்தான். எத்தனை பேருக்கு அது பொருந்தும் என்பதை விற்பனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்: இரண்டு விதமான விளம்பர வாசகம், சிறு முன்பணத்தோடு பதிவு. பாராட்டிவிட்டு முன்பணம் தராமல் நகர்கிறவரை வாங்குபவர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விசுவாசமான வாடிக்கையாளர்களை மட்டும் அழைத்துப் பேசச் சொல்கிறது கட்டுரை. பொருளைத் திருப்பித் தந்தவர்களையும், விசாரித்துவிட்டு வாங்காமல் போனவர்களையும் விட்டுவிட்டால், பின்னே இழுத்தது எது என்பதைச் சொல்ல ஆளே இருக்காது.

இப்படிக்கு,
சந்தை ஆய்வுத் துறையில் பணிபுரியும் வாசகர்