உன் அப்பப்பா சொன்ன கற்பபேதம்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.
ஐப்பசி கடைசி.

அன்பின் மச்சானுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் பாடு எப்படி? ரொறன்ரோவில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே மாரி பிடித்துவிட்டது. கிணறு மேலே வந்துகொண்டிருக்கிறது, ஒழுங்கை முழுக்கச் சேறு. அம்மாவுக்கு முழங்கால் நோ மட்டும் குறைவதாக இல்லை. உன்னைச் சுகம் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது உன் தங்கச்சி கொண்டுவந்து தந்த புத்தகத்தை இப்போதுதான் வாசித்து முடித்தேன். 'க்ரைசிஸ் ஒன் இன்ஃபினிட் ஏர்த்ஸ்', சூப்பர்மேன், பேட்மேன் கதைகளைப் போடும் டிசி கம்பனி 1985இல் தொடங்கிய கொமிக்ஸ், பன்னிரண்டு பாகமும் ஒரே கட்டில். இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை மார்வ் வுல்ஃப்மனின் கதைக்காக. இரண்டாம் முறை ஜோர்ஜ் பெரெஸின் படங்களுக்காக. ஒரு பக்கத்திலேயே ஐம்பது அறுபது பேரை நிறுத்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனி முகம் கொடுத்திருக்கிறார். அம்மா பேப்பர் வாசிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

உன் மகன் உன்னோடு வாதாடினதாக எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். இந்தக் கதைக்கு முந்தின எதுவும் கணக்கில் வராது, டிசி கதைகள் நடந்த பல உலகங்களையும் இதில் ஒன்றாக்கித் துப்புரவாக்கிவிட்டார்கள், அது நல்ல வேலை என்று பெடியன் சொல்கிறான். நீ பதில் சொல்லத் தெரியாமல் என்னிடம் கேட்டிருக்கிறாய். என்னிடம் பதில் இருக்கிறது மச்சான். கொஞ்சம் நீளும்.

முதலில் 1961. பிளாஷ் என்ற அதிவேக வீரனின் கொமிக்ஸ், 123ஆவது இதழ். பிளாஷாக இருக்கும் பரி அலன் சிறுவர்களுக்கு வித்தை காட்டுகிறான். கயிற்றில் ஏறி, உடம்பை மிக வேகமாக அதிரவைத்துக் கண்ணுக்கு மறைகிறான். மறைந்தவன் போய் விழுவது இன்னொரு உலகத்தில். அங்கே அவன் ஊர் இருக்கவேண்டிய இடத்தில் வேறு பெயரோடு வேறொரு ஊர் இருக்கிறது. அங்கே ஜே கரிக் என்று இன்னொரு பிளாஷ், தலை நரைக்கத் தொடங்கிய மனிதன், மனைவியோடு வாழ்கிறான். இரண்டு உலகமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, அதிர்வுதான் வேறு என்பது கதை தரும் விளக்கம். பரி சின்ன வயதில் இந்த ஜே கரிக்கைப் பற்றிக் கொமிக்ஸில் வாசித்தவன். அதை எழுதியவர் கார்ட்னர் ஃபொக்ஸ்; அவர் கனவில் கண்டதைத்தான் கதை என்று நினைத்து எழுதினார் என்று அவனே சொல்கிறான். நிஜத்திலும் 1940இல் ஜே கரிக்கை எழுதியவர் கார்ட்னர் ஃபொக்ஸ். 1961இல் இந்தக் கதையை எழுதியவரும் அவரே. இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு, தான் உண்டாக்கிய மனிதனின் வீட்டுக் கதவை இன்னொருவன் கையால் தட்டவைத்திருக்கிறார். அவர் நினைத்திருந்தால் ஜே கரிக்கை மறந்துவிட்டுப் போயிருக்கலாம். பழையவனும் இருக்கட்டும் என்று இடம் கொடுத்தார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

பூமி-2 என்று பெயர் வைத்த ஜேயின் அந்த உலகம் என்ன தந்தது என்று உன் மகனிடம் கேட்டுப் பார். பரியின் உலகமான பூமி-1இல் பேட்மேனுக்கு வயது போகாது, கலியாணம் கிடையாது, சாவும் கிடையாது. மாதாமாதம் புத்தகம் விற்கவேண்டுமே. ஆனால் பூமி-2 பேட்மேன் கேட்வுமனைக் கட்டினான். ஹெலினா என்று ஒரு மகள். 1979இல் வந்த ஒரு கதையில் அவன் செத்தும் போனான். அதற்கு முன்பே மகள் ஹன்ட்ரஸ் என்ற பெயரில் குற்றவாளிகளைப் பிடிக்க வீதிக்கு இறங்கியிருந்தாள். ஒரு முழு வாழ்க்கை, தொடக்கமும் முடிவும் உள்ள வாழ்க்கை. இதைச் சொல்ல இரண்டாவது உலகம் இல்லாமல் முடியாது.

இப்போது உன் புத்தகத்தின் பன்னிரண்டாம் பாகத்தை எடு. உலகங்கள் ஒன்றாகிவிட்டன. ஹெலினா இருக்கிறாள், ஆனால் அவள் பிறந்த உலகம் இல்லை. தகப்பனும் தாயும் அந்த வீட்டில் வாழ்ந்ததே நடக்கவில்லை. பேட்மேனின் துணையாளாக இருந்த, பூமி-2இன் வளர்ந்த ரொபினுக்கும் அதே நிலைமை. அந்தப் பாகத்தில் நடக்கும் சண்டையிலேயே இரண்டு பேரும் சாகிறார்கள். பிறகு 1989இல் ஹன்ட்ரஸ் என்ற பெயரை மாஃபியாக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்குக் கொடுத்தார்கள். நல்ல பாத்திரம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் பேட்மேனின் மகள் என்பது போய்விட்டது. இதைத் துப்புரவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசிப் படங்களில் வரும் சைக்கோ-பைரட் என்ற வில்லனைக் கவனித்தாயா? கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள். இல்லாமற்போன உலகங்கள் எல்லாம் அவனுக்கு நினைவிருக்கின்றன. மற்றவர்களுக்கு அது பைத்தியக்காரன் பேச்சு. அந்தப் பக்கத்தில் நான் கனநேரம் நின்றுவிட்டேன்.

வாசகருக்குக் குழப்பமாக இருக்கிறது என்பதுதான் உலகங்களை ஒன்றாக்கச் சொன்ன காரணம். யாருக்குக் குழப்பம்? நாங்கள் பன்னிரண்டு வயதில் குழம்பினோமா? யோசித்துப் பார். முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி, உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரிய மறைந்துபோவான். ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி, காட்டில், குதிரையில், மண்டையோட்டு மோதிரத்தோடு. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று நீ அடித்துச் சொன்னாய். இல்லை என்று நான் சண்டை பிடித்தேன். ஒரு கிழமை கதைக்கவில்லை. பிறகு நீதான் வந்து கதையைப் பொருத்தினாய்: காட்டிலே இருந்தவன் சண்டையில் கையை இழந்து, பட்டணம் போய், இரும்புக்கை பூட்டிக்கொண்டான், குதிரை காட்டில் காத்திருக்கிறது. என்ன வடிவாகப் பொருந்தியது! பிறகு வேறொருவர் பழைய இந்திரஜால் இதழைக் காட்டி, ராணி காமிக்ஸ் மாயாவிதான் இதில் வேதாளர் என்று சொன்னபோது, ஒரே ஆளுக்கு இரண்டு பெயரும் ஒரே பெயருக்கு இரண்டு ஆளும் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டோம். அவ்வளவுதான். ஒருவரையும் கொல்லவேண்டி வரவில்லை.

அதுவும் எப்படி வாசித்தோம்! 1990க்குப் பிறகு யுத்தத்தால் கரண்டு இல்லை. ஜாம் போத்தல் விளக்குக்கும் மண்ணெண்ணெய் எண்ணிச் செலவழித்த காலம். கையில் வருவது மட்டை கிழிந்த பழைய புத்தகம். முதல் பாகம் ஒருவர் வீட்டில், முடிவு கிடைக்கவே கிடைக்காது. நடுவில் இல்லாத பக்கங்களை நீயும் நானும் சைக்கிளில் ரியூசன் போகிற வழியில் சொல்லி நிரப்பினோம். 1995 ஒக்ரோபர் கடைசியில் எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்தபோது புத்தகப் பெட்டி இங்கேயே நின்றது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை. ஆனால் நாங்கள் சொல்லி நிரப்பின பக்கங்கள் எனக்கு இன்னும் அப்படியே இருக்கின்றன.

சரி, ஒன்றாக்கியதால் குழப்பமாவது தீர்ந்ததா? வொண்டர் கேர்ள் என்ற பெயரில் வரும் டொனா ட்ரோயை எடு. வொண்டர் கேர்ள் என்பது முதலில் தனி ஆளே இல்லை. வொண்டர் வுமனின் சின்ன வயதுதான் அது. 1960களில் இளம் வீரர்களைச் சேர்த்து டீன் டைட்டன்ஸ் தொடங்கியவர்கள் அதைக் கவனியாமல் அவளையும் தனி ஆளாகச் சேர்த்துவிட்டார்கள். பிழைதான். ஆனால் பிழையாகப் பிறந்தவளுக்கு 1969இல் ஒரு பிறப்புக்கதை எழுதினார்கள்: தீப்பிடித்த வீட்டிலிருந்து வொண்டர் வுமன் தூக்கி வந்த குழந்தை. 1984இல் வுல்ஃப்மனும் பெரெஸும் அவளுடைய உண்மையான பெற்றோரைத் தேடி ஒரு அருமையான கதை செய்தார்கள். அப்புறம் இதே இரண்டு பேர் உலகங்களை ஒன்றாக்கினார்கள். 1987இல் பெரெஸ் வொண்டர் வுமனைப் புதிதாக, இப்போதுதான் தீவைவிட்டு வெளியே வருகிறவளாகத் தொடங்கினார். அப்படியென்றால் பல வருடம் முன்பு டொனாவை நெருப்பிலிருந்து தூக்கியது யார்? 1988இல் இன்னொரு பிறப்புக்கதை. அதுவும் நிலைக்கவில்லை. பிறகும் மாற்றினார்கள். பவர் கேர்ளின் கதையும் இதேதான். பூமி-2 சூப்பர்மேனின் பெரியப்பா சித்தப்பா பிள்ளை அவள். அந்த உலகம் இல்லையென்று ஆனதும் அட்லான்டிஸ் வம்சம் என்றார்கள். பல உலகம் இருந்தபோது இந்தச் சிக்கல் இல்லை மச்சான். ஒரே உலகத்துக்குள் எல்லாவற்றையும் திணித்தபோதுதான் முடிச்சு விழுந்தது. 1994இல் ஒரு திருத்தம், 2005இல் தொடங்கி இன்னொன்று, 2011இல் இன்னொன்று. ஒவ்வொன்றும் முந்தினதைச் சரிசெய்ய வந்தது.

டிசிக்குப் போட்டிக் கம்பனியான மார்வல்காரர் ஒரே உலகத்தை விடாமல் பிடித்தார்கள், ஆனால் காலத்தை நகர்த்துகிறார்கள். அயர்ன் மேனாகிற டோனி ஸ்டார்க் 1963இல் வந்த கதையில் வியட்நாமில் காயப்பட்டான். பிறகு அவன் வயதைக் காப்பாற்ற அந்தப் போரை ஆப்கானிஸ்தானுக்கு மாற்றினார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை. ஒரு சண்டையை எடுத்துவிட்டு இன்னொரு சண்டையை அந்த இடத்தில் வைத்தால் அவன் அதே மனிதனாக எப்படி இருப்பான்?

இனித்தான் நான் சொல்ல வந்தது. போன கிழமை சூரன் போர் பார்த்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது, சனம் அசையவில்லை. யானைமுகம் விழுந்து, சிங்கமுகம் விழுந்து, சூரன் மாமரமாக வந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெடியன் தகப்பனிடம் கேட்டான்: "அப்பா, இவன் எத்தனை ஊருக்கு ராசா?" தகப்பன் யோசித்தார். எனக்கு உடனே உன் அப்பப்பா ஞாபகம் வந்தார். கோயிலில் கந்தபுராணப் படிப்பு. ஒருவர் இராகத்தோடு படிக்க, உன் அப்பப்பா பயன் சொல்லுவார், பொருளை விளக்குவார். சூரன் ஆண்டது ஆயிரத்தெட்டு அண்டம், நூற்றெட்டு யுகம் என்று அவர் விரலை மடக்காமல் சொல்லும்போது நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு இருப்போம். ஆயிரத்தெட்டு உலகம் என்பதை நாங்கள் கொமிக்ஸில் படிக்க முன்பே அவர் வாயால் கேட்டோம்.

ஒருநாள் நீ எழும்பி ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் சொன்ன கதையில் பிள்ளையாரை அம்மன் தன் உடம்பு அழுக்கில் செய்தார். தலையைச் சிவன் வெட்டி யானைத்தலை வைத்தார். இங்கே படிக்கிற கந்தபுராணத்தில் சிவனும் உமையும் சித்திர மண்டபத்தில் பிரணவத்தைப் பார்க்க, அது களிறும் பிடியுமாகி, அதிலிருந்து யானைமுகத்தோடேயே பிள்ளையார் வந்தார். இதில் எது சரி என்று கேட்டாய். படிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் உன் அப்பப்பாவைப் பார்த்தார்கள். அவர் கோபிக்கவில்லை. "கற்பபேதம் மோனை" என்றார். கற்பம் என்றால் உலகம் ஒருமுறை தோன்றி ஒடுங்கும் காலம். ஒரு கற்பத்தில் அப்படி நடந்தது, இன்னொரு கற்பத்தில் இப்படி நடந்தது. உலகம் ஒருமுறைதானா தோன்றியது? இரண்டும் சரி, இருந்து கேள் என்றார். படிப்பு தொடர்ந்தது.

அந்த ஒரு சொல் போதும் என்றுதான் நினைக்கிறேன். புராணம் எழுதியவர்களுக்கும் பயன் சொன்னவர்களுக்கும் டிசி கம்பனிக்கு வந்த அதே சிக்கல்தான்: பல கை, பல காலம், ஒத்துவராத கதைகள். அவர்கள் ஒரு பிள்ளையாரைக்கூட அழிக்கவில்லை. கார்ட்னர் ஃபொக்ஸ் 1961இல் செய்ததும் கற்பபேதம்தான், சொல் தெரியாமல் செய்திருக்கிறார். 1985இல்தான் அதை விட்டார்கள்.

ஆனால் கதையாகப் பார்த்தால் அந்தப் புத்தகத்தை நான் குறைக்கமாட்டேன் என்றும் உன் மகனிடம் சொல். பரி அலன் தனியாக ஓடி ஓடி, உடம்பு கரைந்து, உடுப்பு மட்டும் மிஞ்சுகிற பக்கம் யாராலும் லேசில் செய்ய முடியாதது. செத்துப்போன சூப்பர்கேர்ளைக் கையில் ஏந்தி நிற்கும் சூப்பர்மேனின் முகமும் அப்படி. பூமி-2இன் நரைத்த சூப்பர்மேன், எல்லாம் போய்விட்டது என்று நிற்கும்போது அவனுடைய மனைவி லோயிஸ் உயிரோடு வெளியே வருகிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த இரண்டு பேரையும் ஒரு அமைதியான இடத்துக்கு அனுப்பி வைத்தார்களே, அப்படியே விட்டிருக்கலாம். இருபது வருடம் கழித்து அவர்களைத் திரும்ப இழுத்துவந்து இரண்டு பேரையும் சாகடித்தார்கள். அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தக் கதைக்குப் பிறகு உலகங்கள் திரும்பவும் வந்துவிட்டன, ஐம்பத்திரண்டு உலகம். பரியும் பிறகு திரும்பி வந்தான்.

பெடியன் எங்கே தொடங்குவது என்று கேட்டால் 1961இலேயே தொடங்கச் சொல். பிறகு ஹெலினா வரும் கதைகள். அதற்குப் பிறகு இந்தப் புத்தகத்தைத் திரும்ப வாசிக்கட்டும், பன்னிரண்டாம் பாகத்துக்கு வரும்போது என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுது. அவனுடைய பூட்டப்பா கற்பபேதம் பற்றிச் சொன்னதையும் சொல்லிக் கொடு. உன் வாயால் தமிழிலேயே சொல்.

அடுத்த தரம் யாராவது வந்தால் அந்த பிளாஷ் 123இன் மறுபதிப்பு ஒன்று கொடுத்துவிடு. நான் அதை ஃபோனில்தான் பார்த்திருக்கிறேன், தாளில் பார்க்க ஆசை. புளுக்கொடியலும் பனங்கட்டியும் உன் தங்கச்சி திரும்பிப் போனபோது அவரிடம் கொடுத்தேன், கிடைத்ததா என்று நீ எழுதவே இல்லை. மழை திரும்பவும் இறுக்குகிறது, யன்னலைச் சாத்தவேண்டும்.

உன் கூட்டாளி