காட்சிக்கூட அமைப்பில் கவனம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2023-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் முற்றங்களோடு கட்டப்பட்டிருப்பதால், ஒரு கூடத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குள் நுழையுமுன் சற்று நின்று கண்டதை மனத்தில் இருத்திக்கொள்ள முடிகிறது. இத்தகைய இடைவெளியும் காட்சியமைப்பின் உறுப்பே.

மதுரையின் நிலை சிக்கலானது. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்குவதைப் போல, வேறு பயனுக்காக எழுந்த பழைய கட்டடங்களே இங்கு காட்சிக்கூடங்களாகின்றன. இவ்வகைக் கட்டடங்களில் சாளரங்களின் வழியே நுழையும் பகல் வெளிச்சம் துணியையும் தாளையும் மெல்ல நிறமிழக்கச் செய்யும். ஆகவேதான் அவற்றின்மீது விழும் ஒளி ஏறக்குறைய 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்குள் இருக்க வேண்டும் என்பதைக் காப்பாளர்கள் பொது நெறியாகக் கொண்டுள்ளனர். அதே வெளிச்சம் கண்ணாடிப் பேழையில் எதிரொளித்து, உள்ளிருக்கும் பொருளுக்குப் பதில் பார்ப்பவரின் முகத்தையே காட்டுவதும் உண்டு. பேழையைச் சாளரத்துக்கு நேரெதிரே வைக்காமல் பக்கவாட்டில் திருப்பி வைக்கப் பெருஞ்செலவு ஆகாது.

விளக்கப் பலகைகளைப் பற்றி வருத்தத்துடனேயே எழுத வேண்டியுள்ளது. பள்ளிப் பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருவோரும் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், பெயரையும் நூற்றாண்டையும் மட்டும் பொடி எழுத்தில் தாங்கிய பலகையால் யாருக்கு என்ன பயன்? பானை ஓட்டில் கீறப்பட்ட தமிழி எனும் பழந்தமிழ் எழுத்துக்கு அருகில், அதைப் பெரிதாக்கிய வரைபடமும் இன்றைய எழுத்தில் அதன் வாசிப்பும் இருந்தால், கிராமத்திலிருந்து வரும் மூதாட்டியும் பேரனோடு சேர்ந்து அதைப் படித்துவிடுவார். புதிய கூடங்களுக்கு வரைபடம் தீட்டும்போதே ஆசிரியர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் அழைத்துக் கருத்துக் கேட்குமாறு அரசை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.