அம்மாவின் இடது கை

அன்புள்ள கயல் அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஜூன் மாதம் உங்கள் ஊரில் கணக்கு முடிக்கும் மாதம், உனக்குத் தலைக்கு மேல் வேலை என்று மாப்பிள்ளை செய்தி அனுப்பியிருந்தார். மில்லில் 31 வருடம் கணக்கு எழுதியவனுக்கு அது தெரியாதா? நீ போன் செய்யவில்லை என்று நான் ஒன்றும் நினைக்கவில்லை. மெல்போர்னில் குளிர் அதிகமாமே. காதை மூடிக்கொண்டு போ. இரும்புச் சத்து மாத்திரையை விடாதே.

அம்மா நம் முதியோர் குடியிருப்பு வளாகத்து நர்சிங் பிரிவுக்குப் போய் இன்றோடு 19 நாள். நம் வீட்டிலிருந்து நடந்தால் ஆறு நிமிடம். காலையில் போனால் இரவு எட்டு மணிக்கு அவர்கள் விரட்டும்வரை அங்கேதான். காற்று மெத்தை போட்டிருக்கிறார்கள். அதற்காக அப்படியே விட்டுவிட முடியாது. படுக்கைப் புண் வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்து, ஒரு தாளில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தத் தாளை நான் தினமும் பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் ஒரே மை, ஒரே சாய்வு. இரண்டையும் ஒரே மூச்சில் போட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டேன். சிஸ்டருக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

வெறும் தண்ணீர் கொடுத்தால் புரையேறுகிறது. நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவாகிவிடும் என்று ஏதோ ஒரு மாவைக் கலந்து, கெட்டியாக்கி, ஸ்பூனால் ஊட்டுகிறார்கள். வேறு தண்ணீரில் பருப்பு வேகாது என்பாளே, இன்று சிறுவாணியைக் கூழாகக் குடிக்கிறாள். ஊட்டிய பிறகும் அரைமணி நேரம் நிமிர்த்தியே உட்கார வைக்க வேண்டும். ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு சிறு பெண் பார்த்துக்கொள்கிறது. "கண்ணு, வாயைத் தொற" என்று அது நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் திறக்கிறாள். நான் சொன்னால் திறப்பதில்லை.

வீட்டுப் பராமரிப்புத் தொகை ஒரு பக்கம், இதற்கு மாதம் 48,000 தனி. 2014இல் இங்கே வீடு வாங்கும்போது வைத்தியமெல்லாம் வளாகத்துக்குள்ளேயே என்றார்கள். உள்ளேதான் இருக்கிறது, விலையைத்தான் சொல்லவில்லை. நீ பணம் அனுப்பாதே. போன மாதம் அனுப்பியதையே நான் தொடவில்லை. என் மகள் அனுப்பினாள் என்று மூன்றாம் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டேன், அது போதும். அவர் மகன் ஞாயிறுதோறும் சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்து அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டுப் போகிறான். சும்மா ஒரு செய்தியாகத்தான் சொல்கிறேன்.

ஆனிக் காற்று பேயாக அடிக்கிறது. நொய்யலில் தண்ணீர் வந்துவிட்டது. மாத்திரையை டீயோடு சாப்பிடாதே, சத்து உடம்பில் ஒட்டாது.

அன்று வீடியோவில் அம்மாவின் இடது மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "அது என்னப்பா?" என்றாய். கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டாள் என்றேன். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தொட்டாலே கன்றிப்போகும் என்றும் சொன்னேன். மாத்திரை விஷயம் உண்மை. நீ "சரி" என்றாய். உன் அம்மா சொல்கிற "சரி" அது. 40 வருடம் கேட்டவனுக்குத் தெரியும்.

கம்பியில் இடிக்கவில்லை, அம்மிணி.

முந்தின இரவு மூன்றாவது முறையாக விரிப்பை மாற்றினேன். மணி இரண்டரை இருக்கும். வலது கை விழுந்துவிட்டது, இடது கை சும்மா இருக்காது. நான் டயபரைக் கட்டக் கட்ட அந்தக் கை அதை அவிழ்த்துக்கொண்டே இருந்தது. பிடித்து மெத்தையோடு சேர்த்து அழுத்தினேன். "சனியனே, சும்மா கிட" என்று கத்தினேன். எவ்வளவு நேரம் அழுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. பேச்சு போய்விட்டதே அவளுக்கு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை விட்ட பிறகும் அதை அங்கேயே வைத்திருந்தாள். அதற்கப்புறம் டயபரை அவிழ்க்கவில்லை.

டாக்டர் சொல்லித்தான் அம்மாவை நர்சிங் பிரிவுக்கு மாற்றினேன் என்று உன்னிடம் சொன்னதும் பொய். விடிந்ததும் நானே அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். மறுபடியும் இரவு வருமே என்று பயமாக இருந்தது. காயம் எப்படி வந்தது என்று அங்கே சேர்க்கும்போது சிஸ்டரும் கேட்டார். அதே கம்பியைத்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்க்கிறவன் நான்!

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் மாலை 4 மணிக்கு, இங்கே பதினொன்றரைக்கு, அம்மா பக்கத்தில் இருப்பேன். கூப்பிட்டால் கையைக் காட்டுகிறேன். நீலம் போய்விட்டது, மஞ்சளாக ஒரு கோடு மட்டும் தெரிகிறது. போர்வையால் மூட மாட்டேன்.

படம் எடுத்து அனுப்ப அலுவலகப் பையனிடம் கொடுக்கும் கடிதமா இது? நானே எடுத்து அனுப்புகிறேன். ஓரத்தில் என் விரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா