மாவுப்பூச்சிக்கு நீ அனுப்பிய கேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பங்குனி வெயில் இப்போதே கொளுத்துகிறது.

நீ கூரியரில் அனுப்பிய பூச்சிமருந்துக் கேன் வந்து சேர்ந்தது. "முழுக்க இயற்கை" என்று பச்சை எழுத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், மாவுப்பூச்சி தெரிகிறது என்று நான் சொன்ன அன்றைக்கே வாங்கியிருப்பாய் என்று அம்மா சொல்கிறாள். உன் அக்கறை புரிகிறது கண்ணு. ஆனால் அதை நான் அடிக்கப்போவதில்லை. காரணத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ காலேஜில் படித்த காலத்தில் பப்பாளியிலிருந்து மரவள்ளிக்கும் மல்பெரிக்கும் தாவி ஊரையே கலக்கியதே, அந்த மாவுப்பூச்சி வேறு. அது 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்டது. இப்போது வந்திருப்பது மரவள்ளியைக் குறிவைத்தே வாழும் தென் அமெரிக்கப் பூச்சி. நம் நாட்டில் 2020இல் திருச்சூரில் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நாளில் சேலம், நாமக்கல், தருமபுரி என்று இறங்கிவிட்டது. இதில் ஆண் கிடையாது, எல்லாம் பெண்தான். ஒன்று வந்து ஒட்டினாலே போதும், வம்சம் பெருகிவிடும். குருத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சினால் கணுக்கள் நெருங்கி, நுனி இலையெல்லாம் கொத்தாகச் சுருண்டுகொள்ளும். கிழங்கு பருக்காது. ஜவ்வரிசி ஆலைக்காரர் பாயிண்ட், அதாவது கிழங்கின் மாவுச்சத்து அளவு, பார்த்துக் காசு போடும்போதுதான் முழு வலியும் தெரியும்.

இதற்கு எதிரி உண்டு. எறும்பைவிடச் சிறிய ஒரு குளவி, பெயர் அனாகைரஸ் லோபெசி. இந்தப் பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து அங்கே ஏழைகளின் சாப்பாட்டிலேயே மண்ணைப் போட்டபோது, இதன் சொந்த ஊரில் இதை அடக்கிவைப்பது எது என்று தேடிப்போனார்கள். 1981இல் பராகுவேயில் பூச்சி அகப்பட்டது. கூடவே இந்தக் குளவியும் அகப்பட்டது. வளர்த்து ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பினார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்பவருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். நமக்கு இந்தக் குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்தது. வரவழைத்து வளர்த்தது உன் பெங்களூரில், ஹெப்பாளில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம். முதலில் வயலில் விட்டது நம் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில், 2022 மார்ச்சில். அடுத்த மாதமே பக்கத்தில் முத்துமலை முருகனுக்குக் குடமுழுக்கு. 146 அடி முருகனைப் பார்க்க ஜில்லாவே திரண்டது. குளவியைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. முருகன் கோபித்துக்கொள்ளமாட்டான்.

நேற்றுக் காலை கிழக்கோரத்தில் சுருண்ட குருத்து ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பாக, மேலே மாவு பூசினாற்போல் பூச்சிகள். அவற்றுக்கு நடுவே சில மட்டும் பழுப்பாக, விறைத்து, தட்டினால் உமி மாதிரி இருந்தன. இரண்டொன்றில் ஊசி குத்தியது போல வட்டமான ஓட்டை. குளவி பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடுகிறது. குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, கூட்டைக் கடித்து வெளியே வந்துவிடுகிறது. பார்த்ததும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. அந்த ஓட்டை என் காட்டில் யாரோ கூலியில்லாமல் வேலை செய்ததற்கு அத்தாட்சி.

இப்போது உன் கேனுக்கு வருகிறேன். எண்ணெயோ சோப்போ எதுவானாலும் பூச்சியின் மேல் பட்டால்தான் கொல்லும். மாவுப்பூச்சி மெழுகுப் பொடியைப் போர்த்திக்கொண்டு சுருட்டுக்குள் பதுங்கியிருக்கிறது. குளவியும், மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டும்தான் இலையின் மேல் வெட்டவெளியில் திரிகின்றன. காடு முழுக்கப் புகைபோல அடித்தால் முதலில் சாவது யார்? வேப்பெண்ணெய் கொஞ்சம் தேவலை, அதையும் ஓரிரு செடிக்கு மட்டும், குருத்தைக் குறிவைத்து, சாயங்காலத்தில்தான் தொடுவேன். இயற்கை என்று பெயர் வைத்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம் என்பது மருந்துக்கடைக்காரன் கணக்கு. ரசாயனத்தை விட்டுவிட்டு அதே வேகத்தில் வேறொரு கேனைத் தோளில் மாட்டினால் என்ன மாறிற்று?

நான் செய்வது இவ்வளவுதான். மோட்டார் தண்ணீரைக் குழாயில் வேகமாகப் பீய்ச்சிக் குருத்தைக் கழுவுகிறேன். மிகவும் சுருண்ட நுனியை வெட்டி எரிக்கிறேன்; பழுப்புக் கூடு தெரிந்தால் எரிப்பதில்லை, அப்படியே செடியில் விடுகிறேன். இந்தப் பூச்சி கசியவிடும் தேன் போன்ற இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, அதனால் எறும்பு ஏறும் செடிகளை விடாமல் பார்க்கிறேன். வரப்பில் தட்டைப்பயறு போட்டிருக்கிறேன், பொறிவண்டு தங்கட்டும் என்று. எல்லாவற்றையும்விட முக்கியம் குச்சி. இந்தப் பூச்சி ஊர்விட்டு ஊர் போனதே நடவுக் குச்சியில் ஏறித்தான். யார் காட்டில் வெட்டியது என்று கேட்காமல் வண்டியில் வந்து இறங்கும் குச்சியை இனிமேல் வாங்குவதில்லை என்று முடிவு. சித்திரையில் நாலு நல்ல மழை பெய்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

இயற்கை விவசாயம்தான் என்று கொடுக்கும் அங்ககச் சான்று விஷயமாகக் கேட்டிருந்தாய். குச்சிக்கிழங்கு போன்ற ஓராண்டுப் பயிருக்கு இரண்டு வருடம் மாறுதல் காலம் என்கிறார்கள், எதை அடித்தாலும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத கேனை எப்படிப் பதிவேட்டில் எழுதுவது? மேலும் ஆலையில் இயற்கைக் கிழங்குக்கும் மற்றதற்கும் ஒரே தராசு, ஒரே பாயிண்ட். சான்று வாங்கினால் மஞ்சளுக்கும் நிலக்கடலைக்கும் பயன்படும். அதை நிதானமாகப் பேசலாம்.

கேனைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டுச் சொல். முடிந்தால் அந்தப் பணத்தில் நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டு வா. என் கண்ணுக்கு ஓட்டை தெரிகிறது, குளவி தெரியமாட்டேன் என்கிறது.

அன்புடன்,
அப்பா