பயிற்சி மண்டப வேலை முடிஞ்சிட்டு, கணக்கு இந்தா

அங்கத்தவர் எல்லாருக்கும் வணக்கம். எங்கட கமக்காரர் அமைப்புட பயிற்சி மண்டபம், விதைநெல்லு அறை, பசளைக் கொட்டில் எல்லாம் ஒருமாதிரி முடிஞ்சிட்டு. இது கூட்டத்தில வாசிக்க எழுதினது, ஆனா கூட்டத்துக்கு வராத ஆக்கள்தான் சந்தியில நிண்டு கூடக் கேள்வி கேக்கிறாங்க, அதால போனிலயும் அனுப்புறன்.

முதல்ல எல்லாரும் கேக்கிறதைச் சொல்லிப்போட்டு மத்ததுக்கு வாறன். எஸ்டிமேட் 28 லட்சம், அதில 20 லட்சம் உதவி நிறுவனம் தந்தது, 8 லட்சம் எங்கட சேமிப்பு. வேலை முடிய வந்து நிண்டது 34 லட்சத்து 60 ஆயிரம். கூடினது 6 லட்சத்து 60 ஆயிரம். அதில அத்திவாரத்த ஒசத்தி மண் நிரப்பினது 4 லட்சத்து 30 ஆயிரம், வெள்ளத்துக்குப் பொறகு ரோடு உடைஞ்சு கிடந்ததால ட்ராக்டர் கூலி கூடினது 1 லட்சத்து 20 ஆயிரம், முன்னுக்கு வண்டில் ஏத்துற சரிவு 70 ஆயிரம், கரண்ட் இழுத்தது 40 ஆயிரம். பில் எல்லாம் ஃபைல்ல கிடக்கு.

ஏன் ஒசத்தின எண்டுதான் சண்டையே. 2024 சிறுபோகம் வெட்டி முடிஞ்ச கையோட அத்திவாரம் வெட்டினம், பிளான்ல நிலத்தில இருந்து ஒண்டரை அடிதான். நவம்பர் கடைசியில வந்த வெள்ளம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற எங்கட படுவான்கரையை என்ன செய்ததெண்டு நான் சொல்லத் தேவையில்ல. கிணத்துக்கட்டில சேத்துக்கோடு இன்னும் அழியாமக் கிடக்கு, வந்து பாருங்க, பிளான்படி கட்டியிருந்தா நிலம் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழ வந்திருக்கும். இது கூட்டம் வைக்கிற மண்டபம் மட்டுமெண்டா ரெண்டு நாள் தண்ணி நிண்டாலும் கழுவிப்போட்டு இருக்கலாம். உள்ளுக்கு விதைநெல்லு அறை இரிக்கே. அந்த வெள்ளத்தில விதைச்ச வட்டை (வயல்வெளி) அழுகி, மறுகா விதைக்க நெல்லு தேடி ஆர் ஆர்ட கடப்படியில போய் நிண்டமெண்டு எல்லாருக்கும் தெரியும். அதால ரெண்டு அடி ஒசத்துறதெண்டு நிர்வாகம் முடிவெடுத்தது, வயல் தண்ணி, வேலி அலுவல் பாக்கிற வட்டவிதானையும் மாதர் சங்கத் தலைவியும் கையெழுத்துப் போட்டிருக்காங்க, இண்டைக்குக் கேட்டாலும் அதே முடிவுதான் எடுப்பம்.

இனி கட்டட வேலை எடுத்த கொந்தராத்துக்காரர். பேர் வேணாம், எல்லாருக்கும் ஆளத் தெரியும். ரெண்டு அடி ஒசத்த முதல்ல வாயால ரெண்டரை லட்சம் எண்டார், கடதாசியில எழுதித் தாங்க எண்டதும் அஞ்சரை எண்டார். கல்லு இல்ல, மணல் பேர்மிட் இல்ல, மேசன்மார் வரல்ல எண்டு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை. வேற ஒரு ஓடாவியக் கூட்டிவந்து அளந்து பாத்தம், அவர் நாலு லட்சத்துச் சொச்சம் எண்டு எழுதித் தந்தார். அதக் காட்டினதும் இவருக்குக் கோவம், அடுத்தநாள் விடியக் கொங்கிறீற் மெசினை ஏத்திக்கிட்டு வாவிக்குக் கிழக்கால எழுவான்கரையில வேற வேலைக்குப் போயிட்டார். முந்தியெண்டா மண்முனையில வாவியைக் கடக்கிற பாதைக்கு (மிதவைக்கு) காத்து நிக்கணும், 2014ல பாலம் திறந்ததுக்குப் பொறகு போறது லேசு, மெசினும் போறது லேசு.

அப்ப எங்கட ஆக்களே சொன்னது, அவனைக் கலைச்சிட்டு வேற ஆளப் போடுங்க எண்டு. சொல்றது சுகம். அக்ரிமென்ட் அவர்ட பேரில, நிறுவனம் மிச்சக் காசு விடுறதும் அவர்ட பில்லுக்குத்தான், புதுசா வாற ஆள் பழைய வேலைக்குப் பொறுப்பெடுக்கவும் மாட்டார், கூலியும் முதல்ல இருந்துதான் கணக்குப் பாப்பார். அதால பொறுத்தம். பொறுத்ததைத்தான் தேத்தண்ணிக் கடையில கொமிஷன் வாங்கிட்டாங்க எண்டு கதைச்சது. அந்தக் கதையை முதல்ல கதைச்சது ஆர் எண்டும் தெரியும், அவர் ஒரு சிரமதானத்துக்கும் மம்பெட்டி தூக்கி நான் காணல்ல, சரி விடுவம். கடைசியில 4 லட்சத்து 30க்கு எழுத்தில ஒத்துக்கொண்டு பெப்ரவரியில வந்தார்.

வந்தும் சும்மா இருக்கல்ல. கிறவல் போட்டு தண்ணி விட்டு இடிச்சு நிரப்பச் சொன்னா, வயல் கரையில வெட்டின களிமண்ணை வேரோட கொட்டி மேல மட்டும் கிறவல் பரப்பியிருக்கார். களி நனைஞ்சா ஊதும், காஞ்சா சுருங்கும், வெள்ளாமை செய்றவனுக்கு இதச் சொல்லித் தரணுமா? நிலம் பூசின பொறகு மாதர் சங்கப் பொருளாளர் கழுவக்குள்ள தண்ணியெல்லாம் தென்மேற்கு மூலையில போய்த் தேங்குது. தடியால தட்டினா அந்த இடம் கோறையாச் சத்தம் கேக்குது. கன்னிமூலை தாழ்ந்தா ஆகாதெண்டு சாத்திரம் சொல்லவும் ஒரு ஆள் வந்தார், எங்களுக்கு சாத்திரத்த விட நெல்லு மூட்டைட பாரம்தான் பெரிசு. ஒரு கரையை உடைச்சுப் பாத்தா உள்ளுக்கு வேரும் வெறும் இடமும். அண்டைக்கு ஃபோட்டோ எடுத்து வச்சதால தப்பினம். வேலை சரியா முடியுமட்டும் குடுக்காமப் பிடிக்கிற ரிட்டென்ஷன் காசு 1 லட்சத்து 40 ஆயிரம் கையில வச்சிருந்தம், அதில 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு அந்த மூலையை வேற மேசனைக் கொண்டு கிண்டி நிரப்பிப் பூசினம், மிச்சம் 30 ஆயிரத்த வட்டவிதானைட முன்னால அவர்ட கையில குடுத்துக் கையெழுத்து வாங்கினம். ஆகவே நிலம் திருத்தின செலவு உங்கட தலையில விழல்ல.

கூடின காசு எங்க இருந்து வந்தது? பேர் எல்லாம் மண்டபத்துப் பலகையில இரிக்கு, இங்க பேர் போட்டா ஆர்ட பேர் முன்னுக்கு எண்டு அடுத்த சண்டை, முறை சொல்லியே எழுதுறன். கனடாவில இருக்கிற பழைய தலைவர்ட மூத்த மகள் 2 லட்சம். சுவிஸில இருக்கிற எங்கட ஊர்ப் பொடியன்மார் சேந்து ஒண்டரை. மாதர் சங்கம் 1 லட்சம், அது அவங்கட கச்சான் வித்த காசு, கையெடுத்துக் கும்பிடணும். சந்தி ஹார்ட்வேர் முதலாளி 75 ஆயிரத்துக்கு சீமெந்தும் கம்பியும் இனாம். பெரும்போக வெட்டில அங்கத்தவர் தந்த நெல்லு 1,125 கிலோ, அரசாங்கம் 2025ல நாட்டு நெல்லுக்குச் சொன்ன 120 ரூபாப்படி 1 லட்சத்து 35 ஆயிரம். ஈர நெல்லுத் தந்த ரெண்டு பேரையும் தெரியும், காயப்போட்டு நிறுத்துத்தான் எழுதினம். பந்தி வச்ச அக்காமார், யானைக்குக் காவல் இருந்து கம்பி களவு போகாமப் பாத்த ரெண்டு பெரியப்பா, ஓடு ஏத்தின பொடியன்மார், பாலைமரம் ரெண்டு துண்டு தந்த மாமி, எல்லாருக்கும் நன்றி. விடுபட்ட ஆக்கள் கோவிக்காம வந்து சொல்லுங்க, எழுதுவம்.

கிணறு இறைச்சது, கக்கூஸ், பசளைக் கொட்டில், வேலி முடிஞ்சிட்டு.

ஹோல் கட்டினா நெல்லு விளையுமா எண்டு கேட்டவருக்கும் சொல்லணும். 2021 மே மாசம் இரசாயனப் பசளையை ஒரே அடியா நிப்பாட்டி நவம்பரில மறுகா விட்டாங்களே, அந்த இடைக்குள்ள ஒழுங்காக் கூட்டுப்பசளை போடத் தெரிஞ்ச ஆள் எங்கட வட்டையில எத்தினை பேர்? வைக்கோலை எரிச்சிட்டு யூரியாவுக்கு வரிசையில நிண்டம். பயிர் எடுக்கிற பொட்டாசியத்தில பெரும்பங்கு வைக்கோல்லதான் கிடக்கு, எரிச்சு, சாம்பலும் மழையில அடிபட்டுப் போனா வயலுக்கு என்ன மிச்சம்? இப்ப கொட்டிலில வைக்கோலும் பட்டி மாட்டுச் சாணியும் கிளிசரியா இலையும் அடுக்கி, சூடு ஏற ஏறக் கிளறி, மூணு மாசத்தில பசளை எடுக்கிறம். யூரியாவை முழுசா விடச் சொல்லி ஒருத்தரும் சொல்லல்ல, குறைக்கச் சொல்றம். யூரியாவை அள்ளிக்கொட்டி நெருக்கி விதைச்ச வயல்லதான் சாறு குடிக்கிற அறக்கொட்டிப் பூச்சி முதல்ல விழும், அதுக்கு மருந்தடிச்சு அதைத் தின்னுற சிலந்தியையும் சாகடிக்கிறம்.

பழக்கிறது வெளியாளில்ல. கரடியனாறு விவசாயப் பயிற்சி நிலையத்தில பழகிட்டு வந்த எங்கட மூணு பேர்தான், மாதர் சங்கத் தலைவி, வட்டவிதானைட மகன், பாலர் பள்ளி ரீச்சர் தங்கச்சி. வெளியால வாற சேர் ப்ரொஜெக்டர் காட்டிட்டு வேன்ல ஏறிருவார், இவங்க விடிஞ்சா உங்கட வரம்பில நிப்பாங்க. முதல் வகுப்பில ரீச்சர் தங்கச்சி வாளித் தண்ணியில முட்டையைப் போட்டு, அது மிதந்து ஒரு ரூபாக் குத்தியளவு மேல தெரியுமட்டும் உப்புக் கரைச்சா. பொறகு ஒரு போடியார் (பெரிய வயல்காரர்) வீட்டு விதைநெல்லைக் கொட்டினா, சப்பியும் அரைமணியும் ஒரு படையா மேல வந்திட்டு. அள்ளி வீசிப்போட்டு மிச்சத்த நல்ல தண்ணியில ரெண்டு தரம் கழுவினா. போடியார் ஒண்டும் பேசல்ல, அடுத்த கிழமை மூணு மூட்டையோட வந்து முட்டையும் அவரே கொண்டுவந்தார். நல்ல விதையெண்டா ஏக்கருக்கு ரெண்டு புசல் (ஒரு புசல் 20 கிலோ சொச்சம்) காணும், நாங்க மூணு எறியிற.

மண்டபச் சாவி ஒண்டு தலைவரிட்ட, ஒண்டு மாதர் சங்கத்தில. கல்யாணத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் கேட்டு ஆக்கள் வாறாங்க, அங்கத்தவருக்கு 3,000, மத்தாக்களுக்கு 6,000. விதைநெல்லு காயிற மாசம் ஆருக்கும் இல்ல, என்ட சொந்த மச்சான் கேட்டாலும் இல்ல. கணக்குப் புத்தகம் ஞாயிறு பின்னேரம் மண்டபத்தில இரிக்கும், சந்தேகம் உள்ள ஆக்கள் கண்ணாடியும் எடுத்துக்கிட்டு வாங்க, எழுத்து கொஞ்சம் சின்னன்.

செயலாளர்